நிமிர்த்தி வைத்த அம்புகள்

லாரி யார்டில் பாதுகாப்பு மேலாளர் என்றொரு பதவி முன்பெல்லாம் கிடையாது. முதலாளி ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தார். பெரிய கம்பெனிகளில் எல்லாம் அப்படி ஒருவர் உண்டு என்று அங்கே யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். வந்த கையோடு, கணக்குப் பிரிவின் மூலையில் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "இனிமே நீங்கதான் சேஃப்டி" என்றார். நியமனம் அவ்வளவுதான். மறுநாள் மேசைமேல் ஒரு வெள்ளை ஹெல்மெட் வந்து உட்கார்ந்தது. அதற்கடுத்த நாள் அவருடைய நடையே மாறிவிட்டது.

நடையோடு பேச்சும் மாறியது. "வண்டி வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர், "வாகனம் பாதுகாப்பாகத் திரும்பிவிட்டதா?" என்று அச்சுப் பிசகாமல் கேட்கத் தொடங்கினார். ஓட்டுநர்கள் கொஞ்ச நாள் பயந்தார்கள். பிறகு பல்வலி மாதிரி பழகிப்போயிற்று.

மேலாளர் சட்டங்கள் போட்டார். வண்டி ஓடும்போது ஓட்டுநரின் போன் அணைக்கப்பட்டு, டேஷ்போர்டு பெட்டிக்குள் பூட்டப்பட வேண்டும். கேபினில் வெளியாள் ஏறக் கூடாது. யார்டுக்குள் யாரும் ஓடக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை ஒருவரும் மீறவில்லை. அந்த யார்டில் அதற்கு முன்பும் யாரும் ஓடியதாகச் சரித்திரம் இல்லை.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதுவும் ஒருவகைப் பாதுகாப்புதான் என்று ஓட்டுநர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

ஒருநாள் நெடுஞ்சாலையில் வேறொரு கம்பெனியின் ட்ரெய்லர் அவரைக் கடந்து போனது. அதன் சக்கரத்தில் ஒவ்வொரு நட்டின் தலையிலும் மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு தொப்பி. தொப்பியின் ஒரு பக்கம் அம்பு மாதிரி கூராக நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டிரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு வைத்து, சண்டை தீர்ந்த புருஷன் பெண்டாட்டி போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. மேலாளர் சொக்கிப்போனார். எதற்காக என்று அவர் யோசிக்கவில்லை. ஒழுங்காக இருப்பதே ஒரு பாதுகாப்பு என்பது அவருடைய சித்தாந்தம். மறுநாளே பெட்டி பெட்டியாக வரவழைத்து மெக்கானிக்கிடம் கொடுத்தார். மெக்கானிக்கும் நட்டுகளை இறுக்கிவிட்டு, அம்புகளை மூக்கோடு மூக்காக மாட்டினான்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மெக்கானிக்கின் கை கிரீஸ் கை. மஞ்சள் தொப்பிகளில் கருப்பு ரேகை விழுந்ததை மேலாளரால் தாங்க முடியவில்லை. 'சக்கரங்களின் மேல் கை படக் கூடாது - பாதுகாப்பு மேலாளர்' என்று ஒரு போர்டு எழுதிச் சுவரில் அடித்தார். வந்தவரைக்கும் லாபம் என்று மெக்கானிக்கும் கையைக் கழுவிக்கொண்டான்.

டார்க் ரெஞ்ச் என்று நீளமான ஒரு கருவி அவனிடம் இருந்தது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், நட்டு அந்த அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். விலை உயர்ந்த சாமான். விலை உயர்ந்த சாமானைப் பட்டறையில் போட்டு வைப்பதா? மேலாளர் அதைத் தன் அறைக்கு எடுத்துப் போய், கண்ணாடி அலமாரிக்குள் வெல்வெட் துணிமேல் படுக்க வைத்து, பூட்டி, சாவியைத் தன் வீட்டுச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம் "இது நம் துல்லியத்தின் அடையாளம்" என்பார். அடையாளம் என்பதற்காக அதுவும் பேசாமல் படுத்துக் கிடந்தது.

யார்டிலேயே புதிய ட்ரெய்லர் ஒன்று இருந்தது. அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். ஒரு பெரிய வாடிக்கையாளர் வரப்போகிறார் என்றதும், மாப்பிள்ளையின் சக்கரங்களைக் கழற்றி வெள்ளைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார் மேலாளர். உள்ளும் புறமும், ஓட்டை ஒடிசலெல்லாம் விடாமல், இரண்டு பூச்சு. "காயட்டும் சார்" என்றான் பெயிண்டர். "வாடிக்கையாளர் காயமாட்டார்" என்றார் மேலாளர். அன்று மாலையே சக்கரங்கள் ஏறின. அம்புகளும் ஏறின. புகைப்படமும் எடுத்தாயிற்று.

அதிலிருந்துதான் தொல்லை தொடங்கியது. மாப்பிள்ளை பக்கத்தில் எங்காவது போய்த் திரும்பினால் போதும், பின்னச்சுச் சக்கரத்து அம்புகள் ஒன்று வானத்தைப் பார்க்கும், ஒன்று மண்ணைப் பார்க்கும். எல்லாம் ஓட்டுநரின் அலட்சியம் என்று மேலாளர் முடிவுகட்டினார். தினமும் காலையில் கைக்குட்டையை முட்டிக்குக் கீழே விரித்து உட்கார்ந்து, கோணிய தொப்பியைக் கழற்றி, நேராகத் திருப்பி மாட்டுவார். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்று, ஓவியன் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஒருநாள் தொப்பியைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, 'முன்', 'பின்' என்று எழுதிச் சட்டம் போட்டு அறையில் மாட்டினார். முதலாளிகூட நின்று பார்த்துவிட்டு, "ம்" என்றார். முதலாளியின் "ம்" சாமானியமாகக் கிடைக்கிற சரக்கல்ல.

மாப்பிள்ளையின் ஓட்டுநர் வேறு யாருமில்லை, மேலாளருக்குச் சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஒரே மாமியாரிடம் இரண்டு பேரும் பாராட்டு வாங்கப் பாடுபட்டவர்கள். இவர் ஹெல்மெட் போட்டால் அவர் மீசையை முறுக்குவார். அவருடைய சித்தாந்தம் வேறு. டயரில் ஒரு உதை விட்டால் சக்கரமே பதில் சொல்லும், மிச்சத்தைத் தன் காது பார்த்துக்கொள்ளும் என்பார்.

அன்று காலை மாப்பிள்ளை முதல்முறையாகத் தொலைதூரம் புறப்பட்டது. முதுகில் கைகழுவும் தொட்டிகளும் கழிவறைக் கோப்பைகளுமாகப் பீங்கான் சரக்கு. கேபினில் மேலாளரின் மனைவி. அக்கா வீடு போகிற வழியில் இருக்கிறது, பஸ்ஸில் போனால் இடுப்பு ஒடிந்துவிடும் என்றாள். வெளியாள் ஏறக் கூடாது என்ற சட்டம் இருக்கிறதே என்று இவர் இழுத்தார். "நான் வெளியாளா?" என்று கேட்டாள். அதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.

"என்ன ஆபீசர், அம்பெல்லாம் நேரா நிக்குதா?" என்றார் சகலை.

"நீங்க கோணலாக்கிட்டு வர்றீங்க, நான் நேராக்கி அனுப்புறேன்."

"நான் எங்க சகலை கோணலாக்குனேன்? நான் ஸ்டீயரிங்கைத்தான் திருப்புறேன். நட்டைத் திருப்பிக்கிட்டா போறேன்?" சொல்லிவிட்டு, டயரில் ஓங்கி ஒரு உதை விட்டுக் காதைச் சாய்த்தார். "கேட்டீங்களா? கிண்ணுனு சொல்லுது."

மனைவி கேபினிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, சாப்பாட்டு மேசை நாற்காலில பாத்து உக்காருங்க. கால் ஆடுது. எத்தனை தடவை சொல்றது, அந்தத் திருகை இறுக்குங்கன்னு."

"அதான் காகிதம் மடிச்சு முட்டுக்குடுத்திருக்கேனே."

"அதைத்தான் சொல்றேன்."

வண்டி கிளம்பியது. மஞ்சள் அம்புகள் அணிவகுத்துப் போனதை மேலாளர் வாசலில் நின்று பார்த்தார். தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய திருப்தி.

சற்று நேரத்தில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. பின் ஸீட் முழுக்க அட்டைப் பெட்டிகள். அம்பு கம்பெனியின் விற்பனைக்காரப் பெண்மணி. வாய் ஓய்ந்தால் வியாபாரம் ஓய்ந்துவிடும் என்று நம்புகிறவள். உள்ளே வந்தவள் ஹெல்மெட்டைப் பாராட்டினாள், அலமாரியைப் பாராட்டினாள், ஜன்னல் திரையைப் பாராட்டினாள். கடைசியில் 'முன்', 'பின்' படங்களுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அருமை சார். எங்க கஸ்டமர் யாரும் இப்படி ஃபிரேம் போட்டு வச்சதில்லை. ஆமா, 'முன்'ல இத்தனை அம்பு திரும்பியிருக்கே. என்ன ஆச்சு?"

"அலட்சியம். வாகனம் வெளியே போய் வந்தாலே இப்படித்தான். தினமும் என் கையாலேயே சரிசெய்கிறேன்."

"தினமுமா? அப்ப தினமும் இறுக்குறீங்க."

"எதை?"

"நட்டைத்தான் சார்."

"நட்டை எதற்கு? அம்பை நேராக வைக்கிறேன்."

பெண்மணி சிரித்தாள். மேலாளர் நகைச்சுவை உணர்வுள்ளவர் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"சார், அம்பு தானாத் திரும்பாது. நட்டு இளகித் திரும்பினா, அது தலைல உக்காந்திருக்கிற அம்பும் கூடவே திரும்பும். 'நான் கழண்டுக்கிட்டு இருக்கேன், வந்து பாரு'ன்னு நட்டு சொல்ற சேதி அது. அதுக்குத்தான் சார் இதை விக்கிறோம்."

"அழகுக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டார் மேலாளர். கேட்ட பிறகு அந்தக் கேள்வியைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

"காய்ச்சல்காரனுக்கு மருந்து குடுக்காம, தெர்மாமீட்டரை உதறி உதறி வச்சிருக்கீங்க சார். எந்த வண்டி இது?"

மேலாளர் ஜன்னல் திரையை விலக்கினார். ஜன்னல் வழியாக மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளைக்கு நீ நட்டு இறுக்குறதே இல்லையா?"

"நீங்கதானே சார் கை படக் கூடாதுன்னு போர்டு வச்சீங்க? நீங்களே தினமும் மண்டி போட்டு ஏதோ பண்ணிட்டு இருந்தீங்க. இறுக்கிட்டு அம்பை மாட்டுறீங்கன்னு நினைச்சேன். ஆபீசரா இருந்தும் இப்படி உழைக்கிறாரேன்னு வீட்ல பெருமையாக்கூட சொன்னேன்."

"பெயிண்ட் அடிச்சு மாட்டினப்புறம் ஒருதடவைகூட இறுக்கலையா?" என்று பெண்மணி கேட்டாள்.

"இல்லைம்மா. பெயிண்ட் வேற ரெண்டு பூச்சு" என்றான் மெக்கானிக். "சக்கரம் போய் உக்கார்ற முகத்துலகூட விடலை."

"போச்சு. அந்தப் பெயிண்ட் நசுங்க நசுங்க நட்டு இளகிக்கிட்டேதானே வரும்? சாதாரணமா மாட்டினாலே கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி இறுக்கணும்."

போகிற பாதையில் நீளமான ஒரு இறக்கம் இருக்கிறது என்பது மேலாளருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளையின் முதுகில் அத்தனை பீங்கான். கேபினில் அவள்.

சகலையின் எண்ணுக்கு அடித்தார். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தார். மெக்கானிக் கனிவாகச் சொன்னான்: "உங்க சட்டம் சார். டேஷ்போர்டுக்குள்ள பூட்டியிருக்கும்."

யார்டில் வேறு வண்டி எதுவும் இல்லை. "என் கார்ல போயிரலாம், ஏறுங்க" என்றாள் பெண்மணி. டார்க் ரெஞ்ச் வேண்டும். அலமாரிச் சாவிக் கொத்தைக் காலையில் மனைவி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மேலாளர் ஒரு விநாடி யோசித்தார். ஹெல்மெட்டை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். வந்த நாளிலிருந்து அந்த ஹெல்மெட் செய்த முதல் வேலை அதுதான்.

மெக்கானிக் ரெஞ்சில் அளவை வைத்துக் கொடுத்தான். "டக்குன்னு சொன்னா நிறுத்திடுங்க சார். அதுக்கு மேல ஒரு மயிரிழைகூட வேண்டாம்." முன் ஸீட்டில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. மேலாளர் ரெஞ்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரை நோக்கிப் பாய்ந்தார்.

"சார், யார்டுக்குள்ள ஓடக் கூடாது" என்றார் வாட்ச்மேன். அவர் கடமை தவறாதவர்.

பெண்மணி காரை நன்றாகவே ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் பின் ஸீட்டில் அம்புகள் மழை மாதிரி சலசலத்தன. "வீட்டம்மாகிட்ட போன் இருக்குமே" என்றாள். இருந்தது. அதுதான் மேலாளரின் சங்கடமும். போனை எடுத்தார், வைத்தார், சட்டையில் துடைத்தார், கடைசியில் அடித்தார்.

"என்னங்க, சாப்பாட்டு டப்பா ஃபிரிட்ஜுக்கு மேலதான் இருக்கு" என்றாள் மனைவி.

"அது இல்லை. எங்க போய்க்கிட்டு இருக்கீங்க?"

"பெட்ரோல் பங்க் தாண்டியாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல பெரிய இறக்கம் வருமாம். மேலேருந்து பாத்தா பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்னு அத்தான் சொல்றாரு."

மேலாளர் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அங்கே சகலையின் மீசை தெரிந்தது. உண்மை திரும்பிப் போய்விட்டது. "சகலையைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு."

"ஏன்?"

"சும்மாதான். ஒரு பாதுகாப்புக்கு."

"அத்தான், அவரு உங்களை மெதுவாப் போகச் சொல்றாரு" என்று அவள் சொன்னதும், "ஏன், ஆபீசர் நாற்காலில இருந்தபடியே வண்டி ஓட்டுறாரா?" என்று சகலை சிரித்ததும் கேட்டது. கூடவே எஞ்சினின் உறுமல் ஒரு படி ஏறியது. லைன் அறுந்தது.

"மெதுவாப் போகச் சொன்னா வேகமாப் போறாரா?" என்றாள் பெண்மணி.

"எங்க சகலை அப்படித்தான். நான் சாப்பிடுங்கன்னு சொன்னா அன்னைக்குப் பட்டினி கிடப்பார்."

"அப்ப வேகமாப் போகச் சொல்லியிருக்கலாமே."

மேலாளர் போனைத் திரும்பவும் சட்டையில் துடைத்தார். அவள் மறுபடி கேட்டாள்: "ஏன் சார் உள்ளதைச் சொல்லலை?"

ஏன் என்று அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டால் அந்தக் கதை இனி அவருக்குச் சொந்தமில்லை, சகலையின் சொத்து. கல்யாண வீடு, காதுகுத்து, மாமியாரின் மூட்டுவலி விசாரிப்பு என்று எல்லா இடத்திலும் அது தலைவாழை இலை போட்டுப் பரிமாறப்படும். பேரன் பேத்திகள் எடுக்கும் காலத்திலும் 'அம்புத் தாத்தா' என்ற பெயர் நிலைக்கும். ஹெல்மெட் போய்விடும். மறுபடியும் கணக்குப் பிரிவின் மூலை, கொட்டாவி.

எல்லாம் சரிதான். ஆனால் கண்ணை மூடினால் ஒரு வெள்ளைச் சக்கரம் தனியாக, தன் பாட்டுக்கு, இறக்கத்தில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ட்ரெய்லர் சாய்ந்துகொண்டிருந்தது. கேபின் ஜன்னலில், நாற்காலியின் திருகை இறுக்குங்கள் என்று எத்தனையோ தடவை சொன்ன ஒரு முகம். அவருக்குள் அதுவரை விறைப்பாக நின்ற ஏதோ ஒன்று பட்டென்று இளகியது. போனை எடுத்தார்.

"ஸ்பீக்கர்ல போடு."

"போட்டாச்சு. என்னங்க?"

"சகலை, நான் ஒரு மடையன்."

மனைவி, "ஏங்க, உடம்புக்கு எதுவும் பண்ணுதா?" என்றாள், கவலையோடு.

"குறுக்க பேசாதே. சகலை, அம்பு கோணினா நட்டு இளகியிருக்குன்னு அர்த்தமாம். எனக்குத் தெரியாது. யாரையும் கேக்கவும் இல்லை. தினமும் அம்பை மட்டும் நேராக்கிட்டே இருந்தேன், நட்டைத் தொடவே இல்லை. பின்னச்சு சக்கரம் எந்த நேரமும் கழண்டுரும். இறக்கத்துல இறங்காதீங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன், பையப் பைய ஓரங்கட்டுங்க."

பிறகு எஞ்சினின் உறுமல் படிப்படியாக இறங்கியது. இண்டிகேட்டரின் 'டிக் டிக்' கேட்டது. உலகத்தில் அதைவிட இனிய சங்கீதம் மேலாளர் கேட்டதில்லை.

"நின்னாச்சு சகலை" என்றது சகலையின் குரல். அதில் மீசை இல்லை. "காலையிலேருந்தே பின்னால 'கிணுக் கிணுக்'னு ஒரு சத்தம்."

"அப்ப ஏன் நிறுத்தலை?"

"என்ன சத்தம்னு உங்க வீட்டம்மா கேட்டுச்சு. ரோடு சரியில்லைன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் எப்படி நிறுத்துறது?"

கார் போய்ச் சேர்ந்தபோது, இறக்கம் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் மாப்பிள்ளை ஓரமாக நின்றிருந்தது. கழிவறைக் கோப்பைகள் எல்லாம் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மனைவி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சகலை சக்கரத்தின் பக்கத்தில், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிய மாணவன் போல நின்றார்.

இடது பின்னச்சுச் சக்கரத்து அம்புகள் திருவிழாவில் தொலைந்த கூட்டம் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. ஒரு அம்பைக் காணவே காணோம். நட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. சகலை இரண்டு விரலால் ஒரு நட்டைத் தொட்டார். அது பாட்டில் மூடி மாதிரி சுற்றியது.

இரண்டு சகலைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே சமயத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நல்ல உதைதான் விட்டீங்க" என்றார் மேலாளர்.

"நல்ல அம்புதான் வச்சீங்க" என்றார் சகலை.

"ரெண்டு பேரும் முதல்ல ஜாக்கியை எடுங்க" என்றாள் மனைவி.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை ஒழுங்காக உட்காரவைத்து, நட்டுகளைக் கையால் ஏற்றி, மறுபடி இறக்கினார்கள். போல்ட்டுகளுக்கும் துளைகளுக்கும் சேதம் இல்லை என்று பெண்மணி டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னாள். "வரிசையா இறுக்கக் கூடாது. ஒண்ணு இறுக்கினா அடுத்து அதுக்கு எதிர்ல இருக்கிறதை" என்றாள். மேலாளர் ரெஞ்சைப் பிடித்து இழுத்தார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் விழுந்தது. முகத்தைத் துடைத்ததில் மூக்கிலும் விழுந்தது. கடைசியில் ரெஞ்ச் 'டக்' என்றது. கண்ணாடிக்குள் அத்தனை காலம் ஊமையாகக் கிடந்தது பேசிவிட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நட்டுக்குச் சகலையின் முறை. 'டக்' என்ற பிறகும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். "இன்னும் கொஞ்சம் போகும்."

"போகாது சார். போல்ட் அறுந்துதான் போகும். டக்குன்னா நிறுத்தணும்."

"கேட்டுக்கங்க ரெண்டு பேரும்" என்றாள் வாளிமேல் இருந்தவள். "எங்க நிறுத்தணும்னு ஒரு இரும்புத் தடிக்குத் தெரியுது."

வந்த வழியில் கொஞ்ச தூரத்திலேயே ஒரு பட்டறை இருந்தது. வண்டியை அங்கே மெதுவாக ஓட்டிப் போய், சக்கரங்களைக் கழற்றி, உட்காருகிற முகத்தில் இருந்த பெயிண்டையெல்லாம் சுரண்டினார்கள். சுரண்டியவர் மேலாளர். தான் அடிக்கச் சொன்ன இரண்டு பூச்சும் எவ்வளவு கனம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மறுபடி மாட்டி, இறுக்கி, அம்புகளை மூக்கோடு மூக்கு வைத்தபோது, காணாமல் போன அம்புக்குப் பதிலாகப் பெண்மணி தன் பெட்டியிலிருந்து ஒன்றை நீட்டினாள். "இது இலவசம் சார். ஆர்டர் எப்ப குடுக்குறீங்க?"

மேலாளர் யார்டுக்குத் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டுமே. கேபினில் மூன்றாவது ஆளாக, ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு, வெளியாள் ஏறக் கூடாது என்ற தன் சட்டத்தின்மேலேயே உட்கார்ந்து பயணம் செய்தார். இறக்கத்தின் உச்சியில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. சகலை பொய் சொல்லவில்லை. மூன்று பேரும் பார்த்தார்கள். பின்னால் 'கிணுக்' இல்லை.

அவர் யார்டுக்குத் திரும்பிய மறுநாள் முதலாளி அவருடைய அறைக்குள் வந்து நின்றார். உடைந்த அலமாரியைப் பார்த்தார். சுவரில் போர்டு இருந்த இடத்தில் ஆணித் துளைகளைப் பார்த்தார். பிறகு படங்களைப் பார்த்தார். "என்னங்க இது, நேரா இருக்கிறதுக்குக் கீழ 'முன்', கோணலுக்குக் கீழ 'பின்'னு இருக்கு? சீட்டு இடம் மாறிருச்சா?"

"மாறலை. நான்தான் மாத்தி ஒட்டினேன். இறுக்கமா இருந்தது முன், இளகினது பின். அதான் சரியான வரிசை" என்றார் மேலாளர். ஹெல்மெட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார், திருப்பிக் கொடுக்க வசதியாக. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "வாகனம்" என்ற வார்த்தை ஒருதடவைகூட வரவில்லை.

முதலாளி வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "நான் காலைல வாக்கிங் வர்றப்ப, கோணலா இருந்தா கண்ணை உறுத்துமேன்னு ஒண்ணு ரெண்டை நானும் நேராக்கியிருக்கேன். இதை மெக்கானிக் பயகிட்ட சொல்லிடாதீங்க." ஹெல்மெட்டைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். போகிற போக்கில், வழியில் நின்ற ஒரு ட்ரெய்லரின் சக்கரத்தைப் பார்த்து அவர் கை நீண்டது. பிறகு சட்டென்று பைக்குள் போய்விட்டது.

ரெஞ்ச் மெக்கானிக்கிடம் போயிற்று. மேலாளர் இப்போதும் தினமும் காலையில் மண்டி போடுகிறார். கோணல் கண்ணில் பட்டால் முகம் மலர்ந்து, "டேய், இங்க ஒண்ணு கூப்பிடுது" என்று குரல் கொடுக்கிறார். சகலை இன்னும் டயரை உதைக்கிறார், ஆனால் உதைத்த பிறகு குனிந்து அம்பையும் பார்க்கிறார், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து. மாமியார் வீட்டில் அந்தக் கதை பரிமாறப்படாமல் இல்லை. ஆனால் சகலை, 'மடையன்' என்கிற கட்டத்துக்கு வரும்போதெல்லாம் மேலாளர் 'கிணுக் கிணுக்' என்று மெல்லச் சொல்லுவார். கதை அத்தோடு முடிந்துவிடும்.

மனைவி அக்கா வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, மேலாளர் சாப்பிட உட்காரப் போனார். நாற்காலிக் காலின் திருகில் மஞ்சளாக ஒரு தொப்பி. விற்பனைக்காரப் பெண்மணியிடம் அவள் எப்போது வாங்கினாளோ. அம்பு பக்கவாட்டில், அவரையே சுட்டிக்கொண்டு நின்றது.

பழக்கதோஷம், கை நேராக அம்புக்குத்தான் போனது. பாதியில் நின்றது. அவர் எழுந்து போய் ஸ்பேனரைத் தேடி எடுத்து வந்தார். முட்டுக்கொடுத்த காகிதத்தை உருவி எறிந்தார். தரையில் உட்கார்ந்து இறுக்க ஆரம்பித்தார். இது சாதாரண ஸ்பேனர், எங்கே நிறுத்த வேண்டும் என்று இதற்குச் சொல்லத் தெரியாது. அவர் இறுக்கினார், இன்னும் இறுக்கினார், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்றுக்கு மூச்சைப் பிடித்தார்.

"டக்" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

நிறுத்திவிட்டார்.